இருபது கை எழுதும் ஒரு பக்கம்: மொழி வகுப்பில் கூட்டு ஆவணம்

'நான் கடைக்கு போனேன்' என்று ஒரு பையன் தட்டச்சு செய்கிறான். அவன் இருப்பது கலிஃபோர்னியாவில். அங்கே சனிக்கிழமை மாலை ஆறரை. நான் இருப்பது திருச்சியில், இங்கே ஞாயிறு காலை ஏழு. அவன் தட்டத் தட்ட எழுத்துகள் ஒவ்வொன்றாக என் திரையிலும் விழுகின்றன. 'கு'வுக்கும் 'போ'வுக்கும் நடுவே ஒரு 'ப்' காணோம். என் கை பரபரக்கிறது. ஆனாலும் தொடவில்லை. அரை நிமிடத்தில் டாலஸில் இருக்கும் ஒரு சிறுமியின் கர்சர் அந்த இடத்துக்கு ஊர்ந்து வந்து நிற்கிறது. பச்சை நிறத்தில் ஒரு 'ப்' முளைக்கிறது.

கூட்டு ஆவணம் என்றால் என்ன என்று கேட்கிற ஆசிரியர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். கூகுள் டாக்ஸ், மைக்ரோசாஃப்ட் வேர்டின் இணையப் பதிப்பு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் ரைட்டர், ஈதர்பேட் என்று பெயர்கள் பல இருந்தாலும் சங்கதி ஒன்றுதான். கோப்பு யாருடைய கணினியிலும் இல்லை, இணையத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. லிங்க் கையில் இருப்பவர்கள் எல்லோரும் அதே கோப்பை ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம். பிரதிகள் கிடையாது. 'கட்டுரை புதியது', 'கட்டுரை புதியது 2', 'கட்டுரை கடைசி' என்று மெயிலில் மாறி மாறி அனுப்பி, கடைசியில் எது கடைசி என்று தெரியாமல் முழித்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தத் தொல்லைக்குப் பிறந்த வைத்தியம் இது.

எண்ணம் பழையது. 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கக் கணினி ஆராய்ச்சியாளர் சான் ஃபிரான்சிஸ்கோவில் மேடையில் உட்கார்ந்துகொண்டு, மென்லோ பார்க்கில் இருந்த சகாவோடு ஒரே திரையைப் பகிர்ந்து வேலை செய்து காட்டினார். சாதாரண மனிதர் வீட்டுக் கணினிக்கு அது வந்து சேர இன்னும் நாற்பது வருடம் ஆனது. ரைட்லி என்ற சேவை 2005-இல் தொடங்கியது. 2006-இல் கூகுள் அதை வாங்கியது, அதுதான் பின்னால் டாக்ஸ் ஆனது. ஸோஹோ ரைட்டரும் 2005-இல் வந்ததுதான். தட்டிய எழுத்து உடனுக்குடன் அடுத்தவர் திரையில் தெரிவதை 2008-இல் ஈதர்பேட் பழக்கப்படுத்தியது.

இரண்டு பேர் ஒரே வரியில் ஒரே நேரத்தில் கை வைத்தால் குழம்பாதா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்தாவது ஆள். உங்களுக்கு முன்னால் மூன்று பேர் புகுந்துவிட்டால் நீங்கள் பதின்மூன்றாவது ஆள் ஆகிறீர்கள். ஆள் மாறவில்லை, எண்தான் மாறியது. ஆவணத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் இப்படி ஓர் இட எண் உண்டு. 'பத்தாவது எழுத்தை அழி' என்று நீங்கள் சொல்லும் அதே நொடியில் இன்னொருவர் முன்னால் மூன்று எழுத்து சேர்த்துவிட்டால், உங்கள் கட்டளையைச் சர்வர் 'பதின்மூன்றாவது எழுத்தை அழி' என்று மாற்றிக்கொள்கிறது. இந்தக் கணக்கை எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989-இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். வகுப்புக்கு இதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை. பயமில்லாமல் ஒரே வரியில் இருவர் கை வைக்கலாம் என்பது போதும்.

நோட்டில் நடக்காதது என்ன நடக்கிறது?

இருபது வருடம் நோட்டு திருத்தியிருக்கிறேன். திங்கட்கிழமை பிள்ளை எழுதிய கட்டுரையை வெள்ளிக்கிழமை சிவப்பு மையோடு திருப்பிக் கொடுப்பேன். பிள்ளை மதிப்பெண்ணைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கும், நோட்டை மூடிவிடும். நான் சுழித்த ஒற்றுப்பிழை அடுத்த வாரமும் அதே இடத்தில் வரும். குற்றம் பிள்ளையுடையது அல்ல. நாலு நாளைக்கு முன்னால் எந்த யோசனையில் அதை எழுதினோம் என்பது பெரியவர்களுக்கே நினைவிருக்காது.

கூட்டு ஆவணத்தில் பிழை சூடாக இருக்கும்போதே கண்ணில் படுகிறது. அதைவிட முக்கியம், அது ஆசிரியர் கண்ணில் மட்டும் படுவதில்லை. எழுத்து உருவாகிற வழி எல்லோருக்கும் தெரிகிறது: ஒருத்தி ஒரு சொல்லை எழுதி, அழித்து, வேறு சொல் போடுவதை மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நன்றாக எழுதுகிறவர்களும் தடுமாறித்தான் எழுதுகிறார்கள் என்று தெரிவதே, எழுதப் பயப்படும் பிள்ளைக்குப் பாதி மருந்து.

ஆனால் இதில் ஒரு சபலம் உண்டு. எழுதும்போதே தெரிகிறதே என்று ஆசிரியர் பாய்ந்து பாய்ந்து திருத்தினால் பிள்ளையின் கை நின்றுவிடும். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் ஆசிரியரைவிட மோசம் இது, ஏனென்றால் இங்கே ஆசிரியரின் கர்சர் வரிக்குள்ளேயே வந்து நிற்கிறது. அதனால் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி: முதல் பத்து நிமிடம் நான் எதையும் தொடமாட்டேன். அதற்குப் பிறகும் நேரடியாகத் திருத்தமாட்டேன்.

பின் எப்படித் திருத்துவது? இங்கேதான் 'சஜெஸ்டிங்' என்ற முறையைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கூகுள் டாக்ஸில் பக்கத்தின் வலப்பக்க மேல் மூலையில் ஒரு பென்சில் படம் இருக்கும். அதை அழுத்தினால் 'எடிட்டிங்', 'சஜெஸ்டிங்', 'வியூயிங்' என்று மூன்று வரும். எடிட்டிங்கில் நீங்கள் எழுதுவது நேராகப் பக்கத்தில் ஏறிவிடும். சஜெஸ்டிங்கில் நீங்கள் சேர்ப்பது வேறு நிறத்திலும், நீக்குவது குறுக்குக் கோடு போட்டும் தெரியும், பழையது அப்படியே இருக்கும். எழுதியவர் ஏற்கலாம், மறுக்கலாம். முதலில் சொன்ன பச்சை நிற 'ப்' அப்படி வந்ததுதான்.

லிங்கைக் கொடுக்கும்போதே இதைக் கட்டாயமாக்கவும் முடியும். 'ஷேர்' பொத்தானில் மூன்று நிலைகள்: வியூவர் பார்க்க மட்டும், கமென்டர் கருத்தும் யோசனையும் சொல்ல, எடிட்டர் எல்லாம் செய்ய. திருத்தும் வகுப்பில் நான் பிள்ளைகளுக்குக் கமென்டர் உரிமைதான் கொடுப்பேன். அப்போது அவர்கள் எதை மாற்றினாலும் அது யோசனையாகத்தான் விழும்.

அன்றைக்கு அந்தப் பையன் 'ப்'பை ஏற்கவில்லை. ஓரத்தில் 'ஏன்?' என்று ஒரு கமென்ட் போட்டான். பெண் 'அப்படித்தான் சொல்லணும்' என்றாள். பையன் விடவில்லை. அப்போது நான் கமென்ட்டில் வந்தேன். 'கடைக்கு, வீட்டுக்கு, ஊருக்கு: இவற்றோடு போனேன் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.' நான்காம் வேற்றுமை உருபான 'கு'வுக்குப் பின் வலி மிகும், அதாவது அடுத்த சொல்லின் வல்லின ஒற்று நடுவே கூடும் என்ற விதியை அதற்குப் பிறகுதான் சொன்னேன். இரண்டு வரி தள்ளி அவனே 'குடையை எடுத்து கொண்டு' என்று எழுதியதைக் கண்டுபிடித்து, 'எடுத்துக்கொண்டு' ஆக்கினான். உடனே அடுத்த சண்டை: அப்படியானால் 'வந்துகொண்டு' மட்டும் ஏன் 'வந்துக்கொண்டு' ஆகவில்லை? நல்ல கேள்வி. 'எடுத்து' என்பதில் கடைசி எழுத்துக்கு முன் நிற்பது 'த்', வல்லினம். 'வந்து' என்பதில் நிற்பது 'ந்', மெல்லினம். வல்லினத்துக்குப் பின் மிகும், மெல்லினத்துக்குப் பின் மிகாது. இந்த ஒரு கமென்ட் சங்கிலி பதினோரு வரி ஓடியது. கரும்பலகையில் நான் இதைச் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

முதல் வகுப்பில் நான் செய்த தப்பு

இருபத்திரண்டு பிள்ளைகளையும் ஒரே வெற்றுப் பக்கத்துக்குள் இறக்கிவிட்டேன். 'உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்' என்றேன். பொங்கல் கூட்டத்தில் பேருந்து நிலையம் மாதிரி ஆகிவிட்டது. ஒருவன் எழுதிய வரிக்கு நடுவே இன்னொருத்தி எழுத, வரிகள் மேலும் கீழும் குதித்தன. ஐந்தாவது நிமிடம் யாரோ கன்ட்ரோல் ஏ அடித்து, எல்லாவற்றையும் ஒரே அடியில் தேர்ந்து, மொத்தத்தையும் அழித்துவிட்டார்கள். ஒரு கணம் வெள்ளைப் பக்கம். பிறகு அழுகை, சிரிப்பு, 'நான் இல்லை டீச்சர்'.

அன்றுதான் வெர்ஷன் ஹிஸ்டரியின் அருமை தெரிந்தது. ஆவணம் தன் பழைய நிலைகளைத் தானே சேமித்து வைக்கிறது. ஃபைல் மெனுவுக்குள் போய், அழிபடுவதற்கு முந்தைய நிலையைத் தேர்ந்து 'ரிஸ்டோர்' கொடுத்தேன். எல்லாம் திரும்பி வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கூகுள் டாக்ஸ் ஒரே நேரத்தில் 100 பேர்வரை எழுத இடம் தரும். தருகிறது என்பதற்காக இறக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று பேர், மிஞ்சினால் நாலு பேர் என்பது என் அனுபவம். பக்கம் வெறுமையாகவும் இருக்கக் கூடாது. ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் யார் எழுத வேண்டும் என்று எழுதிவைத்தால் முட்டல் மோதல் தானாக அடங்கும். தனித்தனியாக எழுத வேண்டிய பாடமென்றால், லிங்கின் கடைசியில் வரும் 'எடிட்' என்ற சொல்லை அழித்து 'காப்பி' என்று ஆங்கிலத்தில் தட்டி அனுப்புங்கள். திறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பிரதி எடுக்கச் சொல்லிக் கேட்கும். கூகுள் கிளாஸ்ரூம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறுக்கு வழியும் வேண்டாம், அதிலேயே ஆளுக்கொரு பிரதி கொடுக்கும் வசதி இருக்கிறது.

அட்டவணை என்றதும் சொல்ல வேண்டும், என் வகுப்பில் மிக நன்றாக ஓடிய பாடம் ஓர் அட்டவணைதான். தமிழ் படிக்கும் பிள்ளைக்கு, வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்குக் கூடுதலாக, பெரிய மலைப்பு பேச்சும் எழுத்தும் வேறு வேறாக இருப்பது. வீட்டில் 'அவங்க நேத்து வந்தாங்க'. புத்தகத்தில் 'அவர்கள் நேற்று வந்தார்கள்'. இரண்டு நெடுவரிசை போட்டேன்: இடப்பக்கம் வீட்டுப் பேச்சு, வலப்பக்கம் எழுத்து. இடப்பக்கம் ஒரு பிள்ளை அம்மா காலையில் சொன்னதை அப்படியே எழுத வேண்டும், வலப்பக்கம் இன்னொரு பிள்ளை அதை எழுத்துத் தமிழாக்க வேண்டும்.

நான் போட்டது இரண்டு நெடுவரிசை. பத்து நிமிடத்தில் மூன்றாகிவிட்டது. 'நான் வரேன்' என்று ஒருத்தி எழுத, யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளை ஒருவன் 'எங்க வீட்டில் அப்படிச் சொல்லமாட்டோம்' என்று நடுவே ஒரு வரிசையைத் தானே செருகி 'நான் வாறன்' என்று எழுதினான். வலப்பக்கம் இருவருக்கும் ஒரே விடை: 'நான் வருகிறேன்'. எழுத்துத் தமிழ் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் தடுமாறி ஏதேதோ சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று கட்டங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டன. அந்த அட்டவணை இப்போது நூறு வரியைத் தாண்டிவிட்டது. கோவைப் பக்கத்துப் பிள்ளை சேர்ந்தபின் நாலாவது வரிசையும் வந்தது.

விசைப்பலகைச் சங்கடம்

தமிழ் வகுப்பில் இதைச் செய்பவர்களுக்கு, ஆங்கில வகுப்பில் வராத ஒரு சிக்கல் வரும். எப்படித் தட்டுவது?

அன்றைய கதையில் பையன் அடுத்து எழுதியது: 'அங்கு பெரிய மலை பெய்தது.' டாலஸ் பெண் கமென்ட் போட்டாள்: 'மலை பெய்யாது.' அவன் பதில்: 'டைப் பண்ணும்போது அதுதான் ஃபர்ஸ்ட் வந்தது.' யோசித்துப் பார்த்தால் நியாயமான பதில். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் முறையில், திரை சில சொற்களைக் காட்டும். மலையா, மழையா, மாலையா என்று தேர்ந்தெடுப்பது பிள்ளையா, கருவியா? பெரும்பாலும் கருவிதான். ல, ள, ழ வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கப் படாத பாடு படுகிற நாம், அந்த வேறுபாட்டை யோசிக்கவே தேவையில்லாத ஒரு முறையைக் கையில் கொடுக்கிறோம்.

அதனால் நான் தமிழ் எழுத்துகளே தெரியும் விசைப்பலகையைத்தான் சொல்லுவேன். போனில் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டின் தமிழ்ப் பலகை போதும். கணினியில் தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. அதில் ஓர் அழகு உண்டு: ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டில் 'அம்மா'. புள்ளியும் உயிரும் மெய்யும் எப்படிச் சேருகின்றன என்பது விரலுக்கே தெரிந்துவிடும். இரண்டு வாரம் முனகுவார்கள், பிறகு பழகிவிடும்.

இன்னொரு சங்கடம் ஆசிரியர்களுடையது. பழைய வினாத்தாள்களைப் பாமினி எழுத்துருவில் வைத்திருப்போம். அதை அப்படியே வெட்டி ஆவணத்தில் ஒட்டினால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குப்பையாக வந்து விழும். கோப்பு கெட்டுவிடவில்லை. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போட்டிருந்தது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. ஒரு முறை உட்கார்ந்து மாற்றிவிட்டால் தீர்ந்தது.

தட்டவே வராத சின்னப் பிள்ளைக்கு டாக்ஸில் குரல்வழித் தட்டச்சும் இருக்கிறது, தமிழும் கேட்கும். ஆனால் உச்சரிப்புப் பயிற்சி என்று நம்பி இறங்காதீர்கள். நீங்கள் 'மலை' என்று தப்பாகச் சொன்னாலும் பக்கத்தில் 'பெய்தது' இருந்தால் அது தானே 'மழை' என்று போட்டுவிடக்கூடும். பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

யார் எழுதியது?

கூட்டாக எழுதும்போது ஒருத்தி எல்லாவற்றையும் எழுத, மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பது நடக்கும். வெர்ஷன் ஹிஸ்டரியில் யார் எந்த வரியை எழுதினார்கள் என்று நிறத்தோடு தெரியும். ஈதர்பேடில் அந்த நிறம் பக்கத்திலேயே எப்போதும் தெரியும், அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அது டாக்ஸைவிடப் பிடிக்கும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி ஒட்டிய கட்டுரையும் இங்கே கொஞ்சம் தெரிந்துவிடும். சொந்தக் கட்டுரை சொல் சொல்லாக வளர்ந்திருக்கும், ஒட்டியது மொத்தமாக ஒரே நொடியில் வந்து இறங்கியிருக்கும். அதை வைத்து உடனே குற்றம் சாட்டாதீர்கள். என் வகுப்பில் ஒரு பெண் நோட்ஸ் செயலியில் எழுதிவிட்டு, பிழை பார்த்தபின்தான் ஒட்டுவாள். எல்லோர் முன்னாலும் தடுமாற அவளுக்குக் கூச்சம். கேட்டபின்தான் தெரிந்தது.

அந்தக் கூச்சம் நியாயமானது. எல்லாவற்றையும் கூட்டாக எழுதவைக்கக் கூடாது என்று நான் நினைப்பது அதனால்தான். டைரிக் குறிப்பு, கவிதை, மனத்தில் வலிக்கிற விஷயம் எதுவானாலும் தனிப் பக்கம், எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும்.

பாதுகாப்பு விஷயம் இரண்டு சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை தானாகக் கூகுள் கணக்கு தொடங்க முடியாது, பெற்றோர் வழியாகத்தான் முடியும். பெற்றோரிடம் சொல்லாமல் எதுவும் செய்யாதீர்கள். லிங்க் கிடைத்த யாரும் திறக்கலாம் என்று வைத்திருந்தால், பக்கத்தில் பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, வீட்டு முகவரி எதுவும் வேண்டாம். வகுப்பு முடிந்ததும் உரிமையை வியூவராக மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, மறுவாரம் பார்த்தால் பக்கம் முழுக்க யாரோ பூனை படம் ஒட்டியிருந்தார்கள்.

கணக்கு இல்லாமல் லிங்க் வழியாக வரும் பிள்ளைகளுக்கு டாக்ஸ் ஒரு விலங்கின் பெயரைக் கொடுக்கும். 'அனானிமஸ் வாம்பட்', 'அனானிமஸ் கேப்பிபாரா' என்று. வெர்ஷன் ஹிஸ்டரியில் இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டமாகச் சேர்ந்துவிடுவார்கள், யார் எழுதியது என்று பிரிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பெயரின் முதல் எழுத்தைப் போடச் சொல்லுவேன். பிள்ளைகளுக்கு அந்த விலங்குகள்மேல்தான் கண். ஒருவன் கமென்ட்டில் கேட்டான்: 'டீச்சர், கேப்பிபாராவுக்குத் தமிழ்ல என்ன?'

எனக்குத் தெரியவில்லை. கேள்வியை வகுப்புக்கே விட்டேன். 'நீர்ப்பன்றி' என்று ஒன்று, 'பெரிய எலி' என்று ஒன்று, 'நீச்சல் பெருச்சாளி' என்று ஒன்று. பன்றி இல்லை, அது எலி இனம் என்று ஒருத்தி தேடிப் பார்த்து வந்து சண்டை. பெருச்சாளி என்றால் என்ன என்று மூன்று பேர். ஒருவன் பாட்டியிடம் கேட்டு வந்து, 'பாட்டி அதைப் பார்த்ததே இல்லையாம்' என்று பதிந்தான். முடிந்த கமென்ட்டை 'ரிசால்வ்' கொடுத்து மூடிவிடலாம், ஓரம் சுத்தமாகிவிடும். இதை மட்டும் இன்னும் மூடவில்லை. போன ஞாயிறு ஒரு புது யோசனை வந்திருந்தது: 'சாது எலி'.